புழக்கடை அடுப்பும் பாலக்காட்டுக் காற்றும்

இணையக் கடைகளில் ‘ஃபயர் பிட்’ என்ற பெயரில் ஓர் இரும்புக் கிண்ணம் விற்கிறது. மூன்று கால், அகன்ற வாய், மேலே ஒரு கம்பி வலை. விளம்பரப் படத்தில் அதைச் சுற்றி நான்கு பேர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் சொந்தமாக வீடு கட்டுகிறவர்கள் பின்புறம் கொஞ்சம் இடம் விட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றுக்கும் அன்றாட வெந்நீருக்கும் ஒரு வெளியடுப்பு வைத்துக்கொள்ள நினைப்பது இயல்பு. அந்தக் கிண்ணத்தை வாங்கலாமா, மூன்று கல்லைக் கூட்டி வைத்தால் போதுமா, கொத்தனாரை அழைத்துச் செங்கல்லில் கட்டிவிடலாமா என்பதுதான் கேள்வி. விலை, அழகு, அளவு ஆகியவற்றைப் பார்த்துத்தான் பலரும் முடிவெடுக்கிறார்கள். ஆனால் ஓர் அடுப்பு நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிப்பவை, காற்று உள்ளே போகும் பாதையும் சூடான வாயு வெளியே வரும் பாதையும். இந்த இரண்டையும் இந்த ஊர் அடிக்கும் காற்றோடும் இந்த ஊரில் கிடைக்கும் எரிபொருளோடும் சேர்த்துப் பார்த்தால், திறந்த கிண்ணமும் ஆழமில்லாத திறந்த குழியும் திருப்பூருக்குப் பொருந்தாதவை என்பது என் முடிவு.

படத்தில் இருக்கும் கம்பளிச் சட்டையே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. அந்தக் கிண்ணம் ஆட்களைச் சூடாக்குவதற்காக வடிவமைக்கப்பட்டது. திறந்த நெருப்பின் வெப்பத்தில் ஏறக்குறைய கால் பங்கு ஒளியைப்போலக் கதிர்களாக எல்லாத் திசையிலும் பாய்கிறது. சுற்றி உட்கார்ந்தவர்களின் முகத்திலும் கையிலும் படுவது அதுதான். மீதிப் பெரும்பகுதி சூடான வாயுவாக மேலே ஏறிப் போகிறது. குளிர் நாட்டில் கதிர் வெப்பம்தான் ஆதாயம். மார்கழி விடியலில்கூட வெப்பநிலை பொதுவாக 18, 20 டிகிரிக்குக் கீழே போகாத ஊரில் அது வெறும் செலவு. சமைப்பவருக்கு வேதனையும் கூட. சமையலுக்கு வேண்டியது மேலே ஏறும் அந்தச் சூடான வாயு, பாத்திரத்தின் அடியையும் பக்கத்தையும் உரசிக்கொண்டு போவது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 3.1 மெகாஜூல் வெப்பம் போதும். நன்றாகக் காய்ந்த விறகில் கிலோவுக்குச் சுமார் 16 மெகாஜூல் இருக்கிறது. வெப்பம் முழுவதும் தண்ணீருக்குள் போனால் 200 கிராம் விறகே போதும். மூன்று கல் வைத்த திறந்த நெருப்பில் பாத்திரத்துக்குள் போவது பெரும்பாலும் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடுதான். ஆகவே சுமார் ஒன்றரைக் கிலோ எரிக்க வேண்டியிருக்கிறது. வெப்பத்தைப் பாத்திரத்தின்மீது ஒழுங்காகத் திருப்பிவிடும் அடுப்பு 25, 30 விழுக்காட்டை எட்டும். அப்போது முக்கால் கிலோ போதும். விறகு மிச்சமாவது பாதி ஆதாயம். எரிக்காத அந்த முக்கால் கிலோவிலிருந்து வராத புகை மற்றப் பாதி.

புகை எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் அடுப்பின் அமைப்பு தானாகவே புரிந்துவிடும். எரியும் விறகை அருகிலிருந்து உற்றுப் பார்த்தால், கட்டையின் மேற்பரப்புக்கும் சுடருக்கும் நடுவே நிறமில்லாத ஒரு மெல்லிய இடைவெளி தெரியும். அங்கே நெருப்பு இல்லை, வாயு இருக்கிறது. விறகு 200, 250 டிகிரியைத் தாண்டும்போது சிதைந்து வாயுக்களையும் தார்த் துளிகளையும் வெளியே தள்ளத் தொடங்குகிறது. காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்கு இப்படி ஆவியாகிப் போகக்கூடியது. எஞ்சும் கால் பங்குக்கும் குறைவானதுதான் கரியாகித் தணலாகக் கனல்கிறது. சுடர் என்பது அந்த வாயு எரிவது. அது முழுமையாக எரிய மூன்று வேண்டும்: 600 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம், போதிய காற்று, இரண்டும் கலந்து எரிந்து முடிய ஓர் இடம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாயு பாதி எரிந்தும் பாதி எரியாமலும் புகையாக வெளியேறும். 100 டிகிரியைத் தாண்டாத பாத்திரத்தின் அடியில் சுடர் நேராக முட்டினால் அந்த இடத்திலேயே அணைந்து கரியாகப் படிந்துவிடும். பாத்திரத்தின் அடியில் நாம் சாம்பல் போட்டுத் தேய்க்கிற கரி, காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட எரிபொருள். ஈர விறகின் கதை இன்னும் மோசம். பச்சைக் கட்டையின் ஒரு முனை எரியும்போது மறுமுனையில் நுரை கட்டிச் சீறும். எடையில் பாதி தண்ணீராக உள்ள ஒரு கிலோ பச்சை விறகில் எரியக்கூடியது அரைக் கிலோதான். அந்த அரைக் கிலோவின் வெப்பத்திலும் ஒரு பகுதி, உள்ளே இருக்கும் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. மொத்தத்தில் காய்ந்த விறகில் கிடைப்பதில் பாதிதான் மிஞ்சும். அதைவிடக் கேடு, அந்த ஆவி நெருப்பைக் குளிரவைத்து வாயுவை எரியவிடாமல் தடுப்பது. எந்த அடுப்பை வாங்கினாலும், விறகைப் பிளந்து ஒரு வெயில்காலம் முழுக்க அடுக்கிக் காயவைக்க இடமில்லாதவருக்கு அந்த அடுப்பு சரிவராது.

இனி ஊர்க் காற்றுக்கு வருவோம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பாலக்காட்டுக் கணவாய்க்குள் நெருக்கப்பட்டு, வேகம் கூடி, கோவைச் சமவெளியைக் கடந்து பல்லடம், உடுமலை, தாராபுரம் என்று வீசுகிறது. அந்தப் பக்கத்தில் காற்றாலைகளை நட்டு வைத்த இடமே இதற்குச் சாட்சி. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை இந்தக் காற்றுக்கு எதிரே திறந்த கிண்ணத்தில் தீ மூட்டினால் நடப்பது இதுதான்: சுடர் பாத்திரத்தை விட்டு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும், வாயு எரிந்து முடியுமுன் குளிர்ந்த காற்று அதை அடித்துக்கொண்டு போகும், கரி மட்டும் ஊதுலைபோல் சிவந்து வீணாகும், பொறி பறக்கும். காற்று மிகுதியாக இருந்தால் நன்றாக எரியும் என்ற எண்ணம் பாதிதான் சரி. எரிவதற்குத் தேவையான அளவைவிடப் பல மடங்கு குளிர்காற்று வந்து கலந்தால் நெருப்பின் வெப்பநிலை இறங்கி, மேலே சொன்ன 600 டிகிரி கைநழுவிப் போகிறது. அதனால்தான் கொங்குப் பக்கத்துப் பழைய வீடுகளில் பொடக்காளியில் (புழக்கடையில்) இருக்கும் வெந்நீர் அடுப்புக்கு மூன்று புறமும் மண்சுவர் இருந்தது. அது சம்பிரதாயத்துக்காகக் கட்டியது போலத் தெரியும். காற்றியல் படித்தவர் வரைந்தாலும் அதையேதான் வரைவார்.

ஆகவே என் தேர்வு மூன்று புறம் மூடி, ஒருபுறம் சிறிய வாய் வைத்து, அடியில் கம்பிச் சல்லடை போட்ட அடுப்பு. நுணுக்கம் அளவுகளில் இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகனில் உள்ள அப்ரோவெச்சோ மையத்தில் லாரி வினியார்ஸ்கி 1980களில் ஒழுங்குபடுத்திய ‘ராக்கெட்’ அடுப்பில், ஒரு குடும்பத்துக்கான விறகு வாய் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் சதுரம்தான். இவ்வளவு சிறிய வாயா என்று தோன்றும். அந்தச் சிறுமைதான் குச்சிகளின் நுனியை மட்டும் எரியவிடுகிறது. கட்டை முழுவதும் ஒரே நேரத்தில் வெந்து வாயுவைக் கக்காமல் தடுக்கிறது. குச்சிகள் சல்லடையின்மேல் இருந்தால் காற்று அடியிலிருந்து, தணலைக் கடந்து, சூடேறியபடி சுடருக்குள் போகும். எரியறை நேராக மேலே எழும்பி நிற்பதால் வாயு எரிந்து முடிய வேண்டிய இடமும் அங்கே கிடைக்கிறது. அதற்கு மேலே பாத்திரம். பாத்திரத்தைச் சுற்றி ஒரு தகரப் பட்டை. பட்டைக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. இந்த ஒரு விரல்தான் பெரிய விஷயம். சூடான வாயு அகலமான வழியில் சோம்பலாகப் போனால், பாத்திரத்தை ஒட்டி நகராத ஒரு காற்றுப் படலம் தங்கி வெப்பத்தைத் தடுக்கும். இடைவெளி குறுகினால் வாயு வேகமாக உரசிப் போகும், படலம் மெலியும், வெப்பம் உள்ளே இறங்கும். மிகக் குறுகினால் இழுப்பு அடைத்துக்கொண்டு வாய் வழியே புகை கக்கும். இழுப்பைப் பற்றி இந்த வட்டாரத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஊர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் கரையில் இருக்கும் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது இரும்பு உருக்கிய உலைகளும் அவற்றுக்குள் காற்றைச் செலுத்திய சுடுமண் குழாய்களும் கிடைத்திருக்கின்றன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காற்றுக்குப் பாதை போட்டு வெப்பத்தை ஆண்ட ஊர்கள் இவை.

செங்கல்லா இரும்பா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. எவ்வளவு நேரம் எரிக்கப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு செங்கல் மூன்று கிலோ என்று வைத்துக்கொண்டால், முப்பது செங்கல் அடங்கிய அடுப்பைச் சராசரியாக 200 டிகிரி சூடேற்ற 15 மெகாஜூல் வேண்டும். அதாவது, சட்டியில் ஒரு பருக்கை வேகுமுன் ஒரு கிலோ விறகை அடுப்பே தின்றுவிடுகிறது. காலையில் மூட்டி மதியம்வரை சமைக்கும் நாளில் இந்தக் கடன் திரும்பி வந்துவிடும். கால் மணி நேரம் வெந்நீர் வைக்கும் வீட்டில் வராது. தினமும் குளிக்கத் தண்ணீர் காயவைக்கிறவர் மெல்லிய எரியறையைச் சுற்றிச் சாம்பலையோ உமி கலந்த களிமண்ணையோ நிரப்பியதைத் தேர்வு செய்யட்டும். வெப்பம் சுவருக்குப் போகாமல் உள்ளேயே நிற்கும். வாரம் ஒருமுறை பெரிய சமையல் செய்கிறவருக்குக் கனத்த செங்கல் அடுப்பு சரி. கட்டும்போது சிமென்ட் சாந்து வேண்டாம். 400, 500 டிகிரியில் அதன் பிணைப்பு குலைந்து உதிரும். களிமண் சாந்தே நிற்கும். சாய ஆலைகளின் பாய்லர்களால் இந்த ஊரில் நெருப்புச் செங்கல் கிடைப்பது சிரமமில்லை. நெருப்பு நேராகப் படும் உள்வரிசைக்கு மட்டும் அதை வைத்தால் போதும். வீடு கட்டி மிஞ்சிய ஹாலோ பிளாக்கையும் ஆற்றுக் கூழாங்கல்லையும் அடுப்புக்கு வைப்பது ஆபத்து. அவற்றின் துளைகளில் தங்கிய ஈரம் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். வெளியேற வழியில்லாதபோது கல் வெடித்துச் சிதறும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு: ‘வீட்டுக்குள் புகைந்தால்தானே கெடுதல், வெளியில் காற்றோடு போய்விடுமே?’ ஓரளவு சரி. மூடிய சமையலறைப் புகைதான் பெருங்கொலையாளி. வீட்டு எரிபொருள் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வெளியில் அந்த அளவு தேங்காது. ஆனால் மூச்சுக்குள் போகும் அளவைத் தீர்மானிப்பது ஊரின் பரப்பு அல்ல, மூக்குக்கும் நெருப்புக்கும் இடையே உள்ள தூரம். குனிந்து கிளறுகிறவரின் மூக்குக்கும் புகைக்கும் இடையே அரை மீட்டர்தான் இருக்கிறது. அதோடு திருப்பூரில் பல பேருடைய புழக்கடை அடுத்தவர் வாசலுக்கு எதிரே இருக்கிறது. ஒரே காம்பவுண்டுக்குள் பத்து லைன் வீடு இருந்தால் ஒரு வீட்டு அடுப்பு மற்ற ஒன்பது வீட்டுக்கும் அடுப்புதான். காலையில் காற்று அடங்கிக் குளிர்ந்திருக்கும் நேரத்தில் தரையை ஒட்டிய புகை மேலே ஏறாமல் படுத்துக்கிடக்கும். வெந்நீர் அடுப்பு எரிவதும் அதே நேரத்தில்தான். நூற்பாலையில் பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் மூச்சோடு இழுத்த நுரையீரல்களும் அந்த லைன் வீடுகளில் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாவது மறுப்பு ருசி. விறகடுப்புச் சமையலுக்கு ஒரு தனி மணம் உண்டு, புகையைக் குறைத்தால் அதுவும் போய்விடும் என்பார்கள். மணத்தை மறுக்கவில்லை. மரத்திலுள்ள லிக்னின் சிதையும்போது வரும் குவையகால் போன்ற சேர்மங்கள்தான் அந்த மணம். அவை உணவில் படிய வேண்டுமென்றால் உணவு திறந்திருக்க வேண்டும். வலையில் வைத்துச் சுடும் கோழிக்கும் மீனுக்கும் இது பொருந்தும். மூடிபோட்டு தம் வைத்த பிரியாணிக்குள் புகை எந்த வழியாகப் போகும்? தம் பிரியாணியின் ருசிக்குக் காரணம் மூடியின்மேல் பரப்பிய தணலும் சீராக அடங்கி எரியும் அடித்தீயும். இரண்டையும் நல்ல அடுப்பு இன்னும் ஒழுங்காகத் தரும். சுட்டுத்தான் சாப்பிட வேண்டுமென்றால் புகை எரிந்து ஓய்ந்த பிறகு தணலில் சுடுவதே முறை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்த தேங்காய் நாடு. கொட்டாங்கச்சிக் கரி தொலைவில் தேட வேண்டிய பொருளில்லை. சாம்பல் குறைவு, வெப்பம் கிலோவுக்கு 28 மெகாஜூலுக்கும் மேல், சுடர் இல்லாமல் நின்று கனலும். இரும்புக் கிண்ணம் ஏதாவது ஒரு வேலைக்கு உதவும் என்றால் இதற்குத்தான். கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையில் புற்றுநோய்க்குக் காரணமாகும் சேர்மங்கள் இருப்பதால், துண்டைத் தணலுக்கு நேர்மேலே வைக்காமல் சற்று ஒதுக்கி வைப்பது நல்லது. புகை வரவில்லையே என்று கரித் தணலை மழைநாளில் வீட்டுக்குள் எடுத்துப்போவது மட்டும் கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு அதிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

கிடாவெட்டுக்கும் சீருக்கும் நூறு பேருக்குச் சமைக்க 12 சென்டிமீட்டர் வாய் எப்படிப் போதும் என்று கேட்பவர் நியாயமாகக் கேட்கிறார். போதாது. அதற்குத்தான் கோட்டை அடுப்பு. தரையில் நீளமாக, ஒடுக்கமாக, முழங்கால் ஆழத்துக்கு வெட்டி, மேலே வரிசையாக அண்டாக்களை ஏற்றும் அந்தப் பள்ளத்தைப் பார்த்தால், மேலே சொன்ன விதிகள் அனைத்தும் அதில் இருக்கும். நெருப்பு தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால் காற்றடி இல்லை. இருபுறச் சுவர்கள் கதிர் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகின்றன. அண்டாக்களின் அடிவயிறு பள்ளத்தின் வாயை ஏறக்குறைய மூடிவிடுவதால் வாயு அவற்றை உரசித்தான் வெளியேற வேண்டும். தவிர, பாத்திரம் பெரிதாகப் பெரிதாக லிட்டருக்கு வெப்பம் இழக்கும் பரப்பு குறைகிறது. நூறு லிட்டர் அண்டா பத்து லிட்டர் சட்டியைவிட இயல்பிலேயே சிக்கனமானது. ஆக, குழியே கூடாது என்பது என் வாதமில்லை. அகலமாகவும் ஆழமில்லாமலும் அலங்காரத்துக்கு வெட்டும் குழிதான் கூடாது. வருடத்துக்கு இரண்டு விசேஷத்துக்காக ஆண்டு முழுவதும் ஒரு பெரிய அடுப்பை நிரந்தரமாகக் கட்டிவைப்பதும் வீண். அன்றைக்கு வெட்டி மறுநாள் மூடிவிடலாம்.

கனமான மறுப்பு ஒன்று உண்டு. நல்ல அடுப்பு என்ற பேச்சு இந்த நாட்டுக்குப் புதிதில்லை. ஜே.சி. குமரப்பா நடத்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் வார்தா வளாகத்திலிருந்து 1940களில் ‘மகன் சூலா’ வந்தது. 1950களில் ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு புகையில்லா அடுப்பை முன்வைத்தார்; 1983இல் ஒன்றிய அரசு தேசியத் திட்டமாகவே தொடங்கி, அது 2002இல் முடிவதற்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளைக் கொடுத்தது. பெரும்பாலானவை பயனில்லாமல் போயின. பொருளியலாளர் எஸ்தர் டஃப்ளோவும் சக ஆய்வாளர்களும் ஒடிசா கிராமங்களில் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், புகைபோக்கி அடுப்பு பெற்ற வீடுகளில் முதலாண்டில் தெரிந்த புகைக் குறைவு பிறகு மறைந்துவிட்டது. அப்படியானால் அளவு, இடைவெளி என்ற இந்தப் பேச்சுக்கு என்ன பொருள்? அந்த ஆய்வையே கவனமாகப் படித்தால் விடை கிடைக்கிறது. அடுப்பின் இயற்பியல் தோற்கவில்லை; விரிசலைப் பூசவும் புகைபோக்கியைத் தட்டிவிடவும் யாருக்கும் தோன்றவில்லை, வீட்டுக்காரர்களுக்கு அது தேவையாகவும் படவில்லை. கொடுத்த அடுப்பு அது, கேட்ட அடுப்பு இல்லை. தன் காசில், தன் பாத்திரத்தின் விட்டத்தை அளந்து, தன் விறகுக்கு ஏற்பக் கட்டிக்கொள்கிறவரின் நிலைமை வேறு. ஆனாலும் எச்சரிக்கை அவருக்கும் உண்டு: சல்லடைக்கு அடியிலிருந்து சாம்பலை அள்ளாத அடுப்பு, ஒரு மாதத்தில் மூன்று கல் அடுப்பாகிவிடும்.

எரிபொருள் விஷயத்தில்தான் திருப்பூருக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நல்ல விறகுக்கு இங்கே பஞ்சமில்லை. காங்கேயத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்து வெள்வேல், எங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல், தென்னையிலிருந்து மட்டையும் பாளையும் கொட்டாங்கச்சியும். தேங்காய் மட்டை மட்டும் கனன்று புகையும் சுபாவம் உடையது. பற்றவைக்க ஆகும், சமைக்க ஆகாது. நெடுஞ்சாலை நடுவே வெட்டிப் போட்ட அரளிக் குச்சியை அடுப்பிலோ கறி குத்தும் கம்பியாகவோ பயன்படுத்தவே கூடாது. செடி முழுக்க நஞ்சு. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் பலர் கையில் எடுப்பது பனியன் கம்பெனிகளில் துணி வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்ட். சும்மா கிடைக்கிறது, உடனே பற்றுகிறது, ‘பஞ்சுதானே’ என்ற சமாதானமும் இருக்கிறது. அது பஞ்சுதானா என்று அறியப் பனியன் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த சோதனை ஒன்றே போதும். ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினால், பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு சீராக எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருங்கிப் பின்வாங்கும், 260 டிகிரியை ஒட்டி உருகிச் சொட்டும், கரும்புகை விடும், ஆறியபின் நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு மணியாக நிற்கும். பாலியஸ்டரின் மூலக்கூறில் உள்ள பென்சீன் வளையங்கள் எளிதில் முழுமையாக எரியாததால்தான் அந்தக் கரும்புகை. கழுத்துப் பட்டை ரிப்பிலும் லெக்கின்ஸிலும் சேரும் எலாஸ்டேன் ஒரு பாலியூரித்தேன்; நைட்ரஜன் உள்ள அது காற்றுப் போதாமல் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். டி-சர்ட்டின் மார்பில் தடித்து நிற்கும் பிளாஸ்டிசால் பிரிண்ட் பிவிசியால் ஆனது. பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். டர்க்காய்ஸ் நீலத் துணிகளில் பல, தாமிரம் அடங்கிய சாயத்தால் நிறம் பெற்றவை. குளோரினும் தாமிரமும் அரைகுறையாக எரியும் கரியும் 250 முதல் 450 டிகிரிக்குள் ஒன்றுசேர்ந்தால் டையாக்சின் உருவாக அதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை. குப்பை எரிக்கும் ஆலைகளில் வாயுவை 850 டிகிரியில் குறைந்தது இரண்டு விநாடி வைத்திருக்க வேண்டும் என்று விதித்திருப்பது இதற்காகத்தான். எந்தப் புழக்கடை அடுப்பாலும், எவ்வளவு நன்றாகக் கட்டினாலும், அது முடியாது. பற்றவைக்க ஒரு பிடி மட்டும்தானே என்பார்கள். அடுப்பு மிகக் குளிர்ந்திருக்கும் நேரம் பற்றவைக்கும் நேரம்தான், அப்போது போட்டதுதான் மிக மோசமாக எரியும். குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாயும், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. நொய்யலில் சாயத்தண்ணீர் விட்டதற்காக 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடிப் பார்த்த ஊருக்கு, அதே சாயத்தைக் காற்றில் விடலாம் என்ற துணிச்சல் எப்படி வருகிறது என்பது வியப்புதான்.

இவ்வளவு பாடு எதற்கு, கேஸ் அடுப்பையே வெளியில் வைத்துவிடலாமே என்று கேட்டால், அன்றாடச் சமையலுக்கு அதுவே சரி. இந்தியத் தர விதிப்படி வீட்டு கேஸ் அடுப்பின் வெப்பத் திறன் 68 விழுக்காடாவது இருக்க வேண்டும். எந்த விறகடுப்பும் அருகில்கூட வராது. வெளியடுப்பு வேண்டியது நீண்ட நேரம் கொதிக்கும் எலும்புச் சாற்றுக்கும், பெரிய சட்டிக்கும், தோட்டத்து விறகு சும்மா மக்கும் வீடுகளின் வெந்நீருக்கும்தான். அப்படி வைப்பதென்றால் மேற்கும் தென்மேற்கும் சுவரால் மறைத்து, வாயைக் காற்றுக்குப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். துணிக்கொடி, கூரைத் தகரத்துக்கு அடியில் அடுக்கிய அட்டைப்பெட்டி, பீஸ் மூட்டை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பஞ்சுத் துகளில் விழும் பொறி உடனே சுடர்விடாமல் மணிக்கணக்கில் கனன்று நடுச்சாமத்தில் தீயாகும். பாத்திரத்தின் விட்டத்தை அளந்துகொண்ட பிறகே கொத்தனாரை அழையுங்கள். கட்டிங் வேஸ்ட் மூட்டையை வேஸ்ட் கடையில் போட்டுவிடுங்கள். அதைத் திரும்ப நூலாக்க ஓப்பன் எண்ட் மில்கள் இருக்கின்றன, கிலோ கணக்கில் காசும் கிடைக்கும்.